70 மி.மீ. டெலஸ்கோப்பும் வேலூர் வானமும்

கேள்வி இதுதான்: சத்துவாச்சாரியில் வீடு. எட்டாவது படிக்கும் மகளுக்காக 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத் தூரம் உள்ள டெலஸ்கோப் வாங்கியிருக்கிறார்கள். கூடவே கண் வைத்துப் பார்க்கும் 25, 10, 4 மி.மீ. ஐபீஸ்கள், உருப்பெருக்கத்தை மூன்று மடங்கு கூட்டும் பார்லோ லென்ஸ், குறி பார்ப்பதற்கான சிவப்புப் புள்ளி ஃபைண்டர். பெட்டியின் மேல் 525 மடங்கு என்று போட்டிருந்ததாம். மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தால் நிலா ஆடிக்கொண்டே இருக்கிறது, மற்றபடி எங்கே திருப்பினாலும் கறுப்பு. டெலஸ்கோப்பே மோசமா, அல்லது தனியாக ஈக்வடோரியல் மவுன்ட் (வானம் நகரும் போக்கிலேயே திருப்பும் தாங்கி) வாங்கிப் பொருத்தினால் சரியாகுமா?

டெலஸ்கோப் நல்லதுதான். இருட்டுக்குப் பழகிய நம் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. விரியும். 70 மி.மீ. லென்ஸ் அதைவிட நூறு மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. பல வருடம் பார்த்தாலும் தீராத அளவுக்குப் பொருள்கள் அதற்குள் வரும். தொல்லை மூன்று இடத்தில் இருக்கிறது: அளவுக்கு மீறிய உருப்பெருக்கம், மெலிந்த கால்கள், வேறு ஊர் வானத்தை மனதில் வைத்து எழுதிய கையேடு. கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். ஏனென்றால் நாம் இருப்பது வடக்கே 13 பாகையில். டெலஸ்கோப்போடு வரும் கையேடு பெரும்பாலும் 40, 50 பாகையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது.

அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. சூரியன் பக்கம் இதைத் திருப்பவே கூடாது. ஐபீஸில் திருகிப் பொருத்தும் சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று ‘சன் ஃபில்டர்’ என்ற பெயரில் சில பெட்டிகளில் வருகிறது. உங்களுக்கும் வந்திருந்தால் இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெயில் நேராக அதன் மேல் விழுவதால் அது சூடேறிப் படாரென்று விரிசல் விடும். அந்த நேரத்தில் கண் அங்கே இருந்தால் பார்வை போய்விடும். சூரியனைப் பார்ப்பதற்கான ஃபில்டர் குழாயின் முன்வாயில், பெரிய லென்ஸுக்கு முன்னால் பொருந்துவது மட்டுமே. பகலில் டெலஸ்கோப்பை மூடி இல்லாமல் மாடியில் விட்டுவிட்டுக் கீழே இறங்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆசையாக வந்து கண்ணை வைத்துவிடுவார்கள்.

சரி, உருப்பெருக்கம். குவியத் தூரத்தை ஐபீஸ் அளவால் வகுத்தால் வருவதுதான் அது. 25 மி.மீ. போட்டால் 28 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 70, 4 மி.மீ. போட்டால் 175. அதோடு பார்லோவையும் சேர்த்தால் 525. கணக்கு சரி, பலன் ஒன்றும் இல்லை. ஒரு லென்ஸ் எவ்வளவு நுணுக்கம் காட்டும் என்பதை அதன் அகலம் தீர்மானிக்கிறது. மி.மீ.க்கு இரண்டு மடங்கு என்பது பொதுவான உச்ச வரம்பு. உங்கள் லென்ஸுக்கு 140. அதற்கு மேலே போனால் படம் பெரிதாகிறது, மங்குகிறது, புதிதாக எதுவும் தெரிவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. பூமி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 28 மடங்கில் ஏறக்குறைய மூன்று முழுநிலா அகலம் கண்ணுக்குள் அடங்கும். நடுவில் நுழைந்த நட்சத்திரம் வெளியேறச் சில நிமிடமாகும். 525 மடங்கில் அரை நிமிடம் கூட நிற்காது. நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிடுவதற்குள் போய்விடும். நீங்கள் பார்த்த கறுப்பு பெரும்பாலும் இதுதான். 4 மி.மீ. ஐபீஸையும் பார்லோவையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். எப்போதும் 25 மி.மீ. போட்டுத்தான் தேட வேண்டும். கிடைத்து, நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு 10 மி.மீ. மாற்றிக்கொள்ளலாம்.

பலர் கவனிக்காத ஒன்று: முன்வாய் மூடியில் நடுவே ஒரு குட்டி மூடி இருக்கும். அதை மட்டும் கழற்றிவிட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் 70 மி.மீ. லென்ஸில் சின்ன வட்டம் மட்டும்தான் வேலை செய்யும். பெரிய மூடி முழுவதையும் எடுங்கள்.

ஃபைண்டரைச் சரிசெய்வது பகல் வேலை. அதை ராத்திரியில் ஆரம்பித்தால் பாதி இரவு அதிலேயே போகும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலே, சூரியனுக்கு முதுகு காட்டிய திசையில், குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி அசையாத ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. சுற்றிலும் மலை, மலை மேலே பாறை, செல்போன் டவர். டவரின் உச்சியை 25 மி.மீ. ஐபீஸில் நட்ட நடுவே கொண்டுவந்து பூட்டுங்கள். பிறகு டெலஸ்கோப்பைத் தொடாமல், ஃபைண்டரின் இரண்டு திருகுகளை மட்டும் திருகிச் சிவப்புப் புள்ளியை அதே உச்சியில் உட்கார வையுங்கள். 10 மி.மீ. போட்டு இன்னொரு முறை சரிபாருங்கள். புள்ளியே எரியவில்லை என்றால், ஃபைண்டரில் பட்டன் பேட்டரியின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டு செருகி அனுப்பியிருப்பார்கள், அதை உருவி எடுக்க வேண்டும். இரவில் புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் நட்சத்திரத்தையே அது மறைத்துவிடும்.

இப்போது ஆட்டம். இந்த விலைக்கு வரும் டெலஸ்கோப் எல்லாவற்றுக்கும் கால்தான் பலவீனம். உள்கால்களை வெளியே இழுக்காமல், மிகக் குறைந்த உயரத்திலேயே வைத்து, நீங்கள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் மணலோ தண்ணீரோ நிரப்பி, முக்காலியின் நடுவில் கயிறு கட்டித் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டால் பாதி ஆட்டம் அடங்கிவிடும். ஃபோகஸ் திருகைத் தொட்டதும் படம் குலுங்கும்; கையை எடுத்துவிட்டு இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் பிறகு பாருங்கள். மேலே கீழே திருப்பும் பூட்டை இறுக்கும்போது குழாய் எப்போதும் ஒரு இழை கீழே இறங்கும். அதனால் பொருளைவிடச் சற்று மேலே பிடித்து இறுக்க வேண்டும், இறங்கி வந்து சரியாக நிற்கும். இரண்டு மாலையில் கை பழகிவிடும்.

இனி நம் அட்சரேகை. 13 பாகையில் இருப்பதால் சூரியனும் நிலாவும் கிரகங்களும் போகும் பாதை நம் தலைக்கு மேலே, உச்சிக்குப் பக்கத்தில் ஓடுகிறது. ஐரோப்பாவில் இருப்பவர்கள் பல வருடங்களில் சனியை அடிவானத்தின் தூசிக்கும் காற்றின் அலைவுக்கும் நடுவே பார்க்க வேண்டியிருக்கும். நமக்கு அது உயரத்தில், மெல்லிய காற்றடுக்கு வழியாக வருகிறது. இது பெரிய கொடுப்பினை. ஆனால் உங்கள் டெலஸ்கோப் மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் சாதாரண அமைப்பு. நேர் உச்சியைப் பார்க்க வைத்தால் குழாயின் பின்பக்கம் முக்காலியில் இடிக்கும், குனிந்து கண் வைக்கவும் முடியாது. வழி எளிது: வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. உச்சிக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்போ பின்போ பாருங்கள். அப்போது உச்சியிலிருந்து 30 பாகை விலகியிருக்கும், குழாயும் இடிக்காது, உயரமும் போதுமானதாக இருக்கும்.

பெட்டியில் வந்த வளைகுழாய் 45 பாகையில் வளைந்திருந்தால், அது மலையையும் பறவையையும் பார்ப்பதற்கானது. நம் வானத்துக்கு 90 பாகையில் வளைந்த குழாய், அதாவது 90 பாகை டயகனல் வேண்டும். அதில் இடம் வலம் மாறித் தெரியும், பரவாயில்லை. கழுத்து தப்பிக்கும். முதலில் காசு செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

இந்த அட்சரேகையின் இன்னொரு பலனைச் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் இரவு 11 மணி வாக்கில், மே கடைசியில் 9 மணி தாண்டியதும், மாடியில் தெற்கு பார்த்து நில்லுங்கள். உயரத்தில், மூன்றில் இரண்டு பங்கு மேலே, வெண்ணீலமாக ஒரு நட்சத்திரம் நிற்கும். அதுதான் சித்திரை. அங்கிருந்து நேர் கீழே, அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்துக்கு 25 மி.மீ. ஐபீஸோடு இறங்கி வாருங்கள். பஞ்சுத் துணுக்கு போல மங்கலான ஒரு வட்டம் தட்டுப்படும். அது ஒமேகா சென்டாரி, பல லட்சம் நட்சத்திரங்கள் திரண்ட கோளக் கொத்து. 70 மி.மீ.யில் தனித்தனி நட்சத்திரமாகப் பிரியாது. நேராக உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் அதன் அகலம் தெரியும். இப்போது அப்படியே வடக்கே திரும்புங்கள். அதே நேரத்தில், அதே கோட்டில், பாதி உயரத்துக்குச் சற்று மேலே வசிஷ்டரும் அருந்ததியும். கல்யாண வீட்டில் பகலில் மேலே கையைக் காட்டிக் காட்டுவோமே, அதே ஜோடிதான். 28 மடங்கில் இருவரும் அகலமாகப் பிரிந்து நிற்பார்கள். அதில் வசிஷ்டரை மட்டும் நிதானமாகப் பாருங்கள்: ஒன்றல்ல, இரண்டு. 14 விகலை (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) இடைவெளியில் ஒரு பெரிய வெள்ளைப் புள்ளி, அதை ஒட்டிச் சின்னது ஒன்று. 10 மி.மீ. போட்டால் நடுவே கறுப்பு இடைவெளி சுத்தமாகத் தெரியும். உங்கள் மகளுக்கு முதலில் காட்ட வேண்டிய நட்சத்திரம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

லண்டனில் இருப்பவருக்கு ஒமேகா சென்டாரி உதிப்பதே இல்லை. சிட்னியில் இருப்பவருக்கு அருந்ததி அடிவானத்தைத் தாண்டி ஏறுவதே பெரும்பாடு. இரண்டையும் ஒரே நேரத்தில் வசதியான உயரத்தில் பார்க்க நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே, ஆலங்காயம் தாண்டி, ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வானாய்வகம் அமைந்ததற்கும் இது ஒரு காரணம். இருண்ட, வறண்ட இடமாகவும் இருக்க வேண்டும், தெற்கு வடக்கு இரண்டு வானமும் எட்ட வேண்டும். அன்றைக்கு அது வட ஆற்காடு மாவட்டம், இன்று திருப்பத்தூர் மாவட்டம். 1968-இல் 38 செ.மீ. டெலஸ்கோப்போடு தொடங்கிய இடம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அங்கிருந்த ஒரு மீட்டர் டெலஸ்கோப்பிலும் அந்தக் கிரகத்தின் வளையங்கள் பதிவாயின. 1986-இல் 2.34 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. ஆய்வகத்துக்கும் அதற்கும் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர். உங்கள் லென்ஸைவிட அது ஆயிரம் மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கும். ஆனால் மேலே இருப்பது அதே வானம்தான்.

எந்த நாளில் பார்ப்பது? அதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். நிலாவைப் பார்க்க வளர்பிறை பஞ்சமி முதல் தசமி வரை. பௌர்ணமி அன்று பார்க்காதீர்கள். நிழலே இல்லாமல் தட்டையாக, கண் கூசுகிற மாதிரி இருக்கும். அஷ்டமி வாக்கில், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டி டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்சாக்கேல் என்று மூன்று பெரிய பள்ளங்கள் வரிசையாக நிற்கும். தசமி வாக்கில் கோபர்நிகஸ் வெளிச்சத்துக்கு வரும், 93 கி.மீ. அகலம், உள்சுவர் படிப்படியாகச் சரிந்திருப்பது 70 மடங்கில் தெரியும். அந்தக் கோட்டுக்கு அப்பால், இருட்டுக்குள் தனியாக ஒரு வெளிச்சப் புள்ளி தென்பட்டால் அது விடியலைத் தொட்ட ஒரு மலைச் சிகரம். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள், பக்கத்தில் இன்னொன்றும் வெளிச்சம் பிடித்திருக்கலாம். மங்கலான பொருள்களுக்குத் தேய்பிறை சஷ்டி, சப்தமிக்குப் பிறகு அமாவாசை தாண்டி இரண்டு மூன்று நாள் வரை வைத்துக்கொள்ளுங்கள். முன்னிரவில் நிலா தொல்லை இருக்காது.

அதே காலண்டரில் அன்றைய நட்சத்திரம் போட்டிருப்பார்கள். ரோகிணி என்றால் நிலா அன்று ரோகிணிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். மகம், சித்திரை, கேட்டை இவற்றை அடையாளம் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி கிடையாது. சுவாதி, திருவோணம் போன்ற சில மட்டும் நிலா போகும் பாதையைவிட்டு வெகுவாகத் தள்ளி இருக்கும், குழம்ப வேண்டாம்.

தை, மாசி மாதங்கள்தான் நமக்கு அருமையான காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து காற்று கழுவி விட்டது போல இருக்கும். கார்த்திகைக் கூட்டம் 28 மடங்கில் ஏறக்குறைய முழுதாக அடங்கும். வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிந்த இடத்தில் ஐம்பதுக்கு மேல் எண்ணலாம். திருவாதிரைக்குக் கீழே, மூன்று நட்சத்திர வரிசைக்கும் தெற்கே, ஒரு புகைத் திட்டு. அதன் நடுவே 70 மடங்கில் நெருக்கமாக நான்கு நட்சத்திரம். புகைப்படத்தில் வரும் சிவப்பும் ஊதாவும் கண்ணுக்குத் தெரியாது, சாம்பல் நிறமாகத்தான் தெரியும். மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏமாற்றம் வராது. வியாழனின் நான்கு நிலாக்கள் 28 மடங்கிலேயே தெரியும், ஒரே இரவில் அவை இடம் மாறுவதையும் பிடிக்கலாம். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி நம் பக்கம் திரும்பியிருந்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் விரிந்துகொண்டு வருகிறது. 70 மடங்கு போதும். வெள்ளியைச் சுற்றி ஊதா விளிம்பு தெரிந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். இந்த வகை லென்ஸுக்கு அது இயல்பு.

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோடையில் நாள் முழுக்கச் சூடு குடித்த மாடித் தளம் இரவு பத்து மணி வரைக்கும் அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்த அனலில் நட்சத்திரம் கொதிக்கிற மாதிரி துடிக்கும், எந்த ஃபோகஸும் நிற்காது. மாடியில் படுக்கிறவர்கள் பொழுது சாய்ந்ததும் தண்ணீர் தெளிப்பார்களே, அதையே செய்யுங்கள், காய்ந்த பிறகு டெலஸ்கோப்பை வையுங்கள். குழாயும் அறைச் சூட்டிலிருந்து வெளிச் சூட்டுக்கு வர அரை மணி நேரம் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலாகப் பார்க்காதீர்கள். கிரகங்களை நுணுக்கமாகப் பார்க்க விடியற்காலை நான்கு மணி எல்லாவற்றையும் விடச் சிறந்தது. தளமும் குளிர்ந்திருக்கும், ஊர் வெளிச்சமும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

மார்கழியில் தொல்லை வேறு மாதிரி. பனி இறங்கி லென்ஸ் மங்கிவிடும். கறுப்புச் சார்ட் பேப்பரை முன்வாயில் சுற்றி, 15 செ.மீ. நீளத்துக்கு வெளியே நீட்டி ரப்பர் பேண்ட் போட்டால் வெகுநேரம் தாங்கும். அப்படியும் மங்கினால் துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கீறிவிடும். உள்ளே கொண்டுபோய் மூடாமல் வைத்து, தானாகக் காய்ந்த பிறகு மூடியைப் போடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்யும் யோசனையே வேண்டாம்.

சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலை வெளிச்சம் அதிகம் என்பது தெரிந்ததுதான். நிலாவுக்கும் கிரகத்துக்கும் ஜோடி நட்சத்திரத்துக்கும் அதனால் நஷ்டம் இல்லை. ஒமேகா சென்டாரி கொத்து, ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரம் போன்ற தெற்குப் பொருள்களை நன்றாகப் பார்க்கத்தான் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமோ ஜமுனாமரத்தூரோ போக வேண்டும். தெற்கே மலை மறைக்காத இடமாகத் தேடுங்கள். ஆல்ஃபா சென்டாரி உச்சத்திலேயே 16 பாகைதான் ஏறும். தெரிந்தவர் வீட்டு மாடியோ நிலமோ கிடைத்தால் நல்லது, காட்டு ஓரத்தில் தனியாக நிற்க வேண்டாம். டார்ச் வாயில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டுங்கள். செல்போனில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியைப் போட்டு, அதையும் இரவுக்கான சிவப்புத் திரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு முறை வெள்ளைத் திரையைப் பார்த்தால் அது போய்விடும்.

கடைசியாக நீங்கள் கேட்ட ஈக்வடோரியல் மவுன்ட். அதன் அச்சை வட துருவத்தை நோக்கி நிறுத்த வேண்டும். துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கே வெறும் 13 பாகை உயரத்தில். காட்பாடி பக்கத்து விளக்கும் புழுதியும் மரமும் மலையும் சேர்ந்து பெரும்பாலான மாடிகளிலிருந்து அதை மறைத்துவிடும். அச்சை அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால், சின்ன மவுன்ட்களில் எதிர் எடை மாட்டும் கம்பி முக்காலியில் இடிக்கும். சிலவற்றில் அந்தக் கோணத்துக்கு இறங்கவே இறங்காது. மலிவான ஈக்வடோரியல் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. 90 பாகை டயகனல் முதலில். அப்புறம் 10 மி.மீ.க்குப் பதிலாகத் தரமான 8 அல்லது 9 மி.மீ. ‘பிளாசல்’ வகை ஐபீஸ் ஒன்று. அதற்கு மேலும் காசு இருந்தால், மெதுவாகத் திருப்பும் திருகுகள் உள்ள உறுதியான சாதாரண மவுன்ட். அது பின்னால் பெரிய டெலஸ்கோப் வாங்கினாலும் உதவும்.